சாமி கண்ணைக் குத்துமா?

திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டு கடவுள் நம்பிக்கை இல்லாமல் இருப்பதில் பெரிய சிரமம் ஒன்றுமில்லை. யாரும் சண்டைக்கு வருவதில்லை. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அடிக்கடி பதில் சொல்ல வேண்டியிருக்கும். “சாமி பயமே இல்லேன்னா, தப்பு பண்ணாம இருக்க உங்களுக்கு என்ன சார் கட்டாயம்?” கெட்ட எண்ணத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை, நிஜமான கவலையோடுதான் கேட்கிறார்கள். இங்கே மலையே சிவன். அந்த மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடப்பதற்குப் பௌர்ணமிதோறும் கூட்டம் லட்சக்கணக்கில் வந்து இறங்குகிறது. ஊரின் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் மலை தெரிகிறது. இப்படி ஒரு சாமி சதா பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் அந்தக் கேள்வி எழாவிட்டால்தான் ஆச்சரியம்.

நம்மில் பெரும்பாலோர் படித்த முதல் நீதிநூல் “பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்” என்ற ஒற்றை வரிதான். கண் குத்துப்பட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஏழெட்டு வயதிலேயே குழந்தைகளுக்கு இது தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் அவர்களில் மிகப் பலர் பொய் சொல்லக் கூசுகிறார்கள். அந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வியே.

சாமி பயம் எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் எந்த ஊரிலும் மதில் சுவரோரமாகக் கொஞ்சம் நடந்தால் போதும். சிறுநீர் கழிப்பவர்களைத் தடுக்க வீட்டுக்காரர்கள் சாமிப் படம் போட்ட டைல்ஸ் பதித்திருப்பார்கள். பிள்ளையார், சிலுவை, மெக்கா என்று வரிசையாக இருக்கும், எந்த மதத்துக்காரனும் தப்பிவிடக் கூடாது பாருங்கள். டைல்ஸுக்கு நேர் கீழே தரை காய்ந்திருக்கும். இரண்டடி தள்ளி ஈரம். பயம் வேலை செய்யத்தான் செய்கிறது, டைல்ஸின் அகலத்துக்கு.

அந்தப் பார்வை சாமியுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், டீ காபி எடுத்துக்கொண்டு அவரவரே பெட்டியில் காசு போடும் ஓர் அறை இருந்தது. அங்கே விலைப்பட்டியலின் மேல் ஒரு வாரம் பூப் படத்தையும் மறுவாரம் உற்றுப் பார்க்கும் கண்களின் படத்தையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். கண்கள் இருந்த வாரங்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு காசு விழுந்ததாக 2006இல் எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஆமோதிக்கவில்லை, எனவே இதைப் பெரிதாகத் தூக்கிப்பிடிக்க மாட்டேன். ஆனால் இங்கே மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையிலும் போலீஸ் கேமரா இருக்கிறது. சாமி பார்த்துக்கொண்டிருக்கும் பாதையில் கேமரா எதற்கு என்று எந்தப் பக்தரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. கழுத்துச் சங்கிலியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டுதான் நடக்கிறார்கள். பக்கத்தில் நடப்பவரும் பக்தர்தான் என்பது அவர்களுக்கும் தெரியும்.

பயத்தை விட்டால் அடுத்தது பலன். எந்தக் கிழமையில் மலையைச் சுற்றினால் என்ன கிடைக்கும் என்று இங்கே பட்டியலே உண்டு. இந்த மாதிரிப் பேரத்தைத் தமிழ் மனம் என்றோ யோசித்துப் பார்த்துவிட்டது. புறநானூற்றின் 134ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஆய் என்ற குறுநில மன்னனைப் புகழ்கிறார். மறுபிறவியில் வட்டியோடு திரும்பும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறவன் இல்லையாம் அவன். சான்றோர் போன வழி இது என்பதற்காகக் கொடுக்கிறானாம். மறுமையை நம்பிய ஒரு காலத்தின் புலவரே, மறுமைக்காகச் செய்யும் தானத்தை ஒரு படி கீழே வைத்துவிட்டார். எனக்கு இதற்கு மேல் வாதம் தேவைப்பட்டதில்லை.

ஒரு தற்செயலும் எனக்குப் பிடிக்கும். பெரியார் பிறந்தது 1879 செப்டம்பர் 17. ரமணர் பிறந்தது அதே ஆண்டு டிசம்பர் 30. ஒருவர் ஊர் ஊராகப் போய்க் கடவுள் இல்லை என்றார். மற்றவர் 1896இல் இந்த மலைக்கு வந்து, 1950இல் இறக்கும்வரை வெளியூர் போகவே இல்லை. 1924இல் ஆசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்து ரமணரையும் அடித்தார்கள். திருப்பி அடிக்கப் போன அன்பர்களை அவர் தடுத்துவிட்டார். அண்ணாமலையாரின் காலடியில் அந்தத் திருட்டு நடந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். பெரியாரோ, நெற்றி நிறைய நீறு பூசிய சைவ மடாதிபதி குன்றக்குடி அடிகளாருடன் நெருங்கிப் பழகினார். கடவுள் விஷயத்தில் அவர்கள் இருவரும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. தமிழிலும் சாதி ஒழிப்பிலும் ஒத்துப்போனார்கள். ஒழுக்கத்தின் வேர் நம்பிக்கையில் மட்டும் இருந்திருந்தால் அந்த நட்புக்குக் கால் ஊன்ற இடமே இருந்திருக்காது.

ஆனால் என்னை உண்மையில் யோசிக்க வைத்தது இந்தப் பெரியவர்கள் யாரும் அல்லர். எங்கள் மாவட்டத்தில் தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூர் என்று ஓர் ஊர். அங்கே அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் முத்துமாரியம்மன் கோயில். தலைமுறை தலைமுறையாகத் தலித் மக்களால் உள்ளே போக முடிந்ததில்லை. 2023 ஜனவரி 30, காந்தி கொல்லப்பட்ட நாள், அன்றுதான் மாவட்ட ஆட்சியரும் போலீசும் உடன் நிற்க அவர்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். சென்னை மாகாணத்தின் கோயில் நுழைவுச் சட்டம் 1947லேயே வந்துவிட்டது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவோடு அரசியலமைப்பு 1950இல் அமலுக்கு வந்தது. இடையில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள்.

அத்தனை ஆண்டுகளும் வாசலை மறித்து நின்றவர்கள் நாத்திகர்களா? அம்மனுக்குப் பயந்தவர்கள்தான், அம்மை போட்டால் வேப்பிலை கட்டுகிறவர்கள்தான். அந்தப் பயம் அவர்களிடம் இந்த ஒரு விஷயத்தில் வாயே திறக்கவில்லை. கடவுளின் பெயரைச் சொல்லாத ஒரு சட்டப் பிரிவுதான் வந்து கதவைத் தள்ள வேண்டியிருந்தது. இதோடு நிறுத்திக்கொண்டால் என் தரப்புக்கு வசதி. ஆனால் உள்ளே போனவர்கள் எதற்காகப் போனார்கள்? பொங்கல் வைக்கவும் மாலை சாத்தவும் போனார்கள். அவர்கள் கேட்ட சமத்துவமே கும்பிடும் உரிமைதான். “அந்தச் சாமி எதுக்குங்க உங்களுக்கு, விட்டுத் தள்ளுங்க” என்று அவர்களிடம் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தலித் மக்களை அழைத்துப் போன வைத்தியநாத ஐயரும் பக்திமான்தான். பக்தி மறித்தும் நிற்கிறது, கைபிடித்து அழைத்தும் போகிறது. எந்தப் பக்தி எதைச் செய்யும் என்பதை அந்த மனிதரின் பக்தியை வைத்துச் சொல்ல முடியவில்லை. எதிரே நிற்பவனை அவர் யாராக நினைக்கிறார் என்பதைப் பார்த்தால் சொல்லிவிடலாம்.

நேர்மைக்குக் கடவுள் நம்பிக்கை கட்டாயமில்லை என்பதைச் சட்டம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. அமைச்சர் கடவுள் பெயரால் ஆணையிட்டும் பதவியேற்கலாம், உளமார உறுதி கூறியும் ஏற்கலாம். தமிழ்நாட்டில் இரண்டு வகையும் பார்த்துவிட்டோம். ஊழல் வழக்குகள் இரண்டு வகையினர் மேலும் வந்திருக்கின்றன. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

நம்பிக்கையிடம் நான் பொறாமைப்படும் விஷயம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு தேதி இருக்கிறது. கார்த்திகைத் தீபத்தன்று ஊரே அடுப்பு மூட்டுகிறது. முன்பின் தெரியாதவனுக்குப் பொங்கலும் புளியோதரையும் தட்டில் விழுகின்றன, சாதி கேட்காமல். வருடம் முழுவதும் சாதி கேட்கிறவர்களும் அன்று கேட்பதில்லை. கெட்டுப்போன சோறு விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, அன்னதானம் போடுகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகம் சொல்கிறது. அது சரியான ஏற்பாடு. ஆனால் அந்தத் துறையால் ஒருவரையும் அடுப்பு மூட்ட வைக்க முடியாது.

நம்பாதவர்களிடம் நல்லெண்ணத்துக்குப் பஞ்சமில்லை, கூடுவதற்கு நாள்தான் இல்லை. சுயமரியாதை இயக்கத்துக்கு இது புரிந்திருந்தது. புரோகிதர் இல்லாத திருமணத்தை அது ஊரைக் கூட்டித்தான் நடத்தியது. உறவினர், நண்பர் முன்னிலையில் சொல்லும் சொல்லே போதும் என்று 1967இல் அண்ணா ஆட்சி அதைச் சட்டமாகவும் ஆக்கியது. அந்தத் திருமணங்களும் மற்றவற்றைப் போலத்தான் நிலைக்கின்றன, மற்றவற்றைப் போலத்தான் முறிகின்றன. ஆனால் அதற்குப் பிறகு ஊரே சேர்ந்து முகம் தெரியாதவர்களுக்குச் சோறு போடும் ஒரு நாளை எங்கள் தரப்பு உண்டாக்கவில்லை. அதனால் தீபத்தன்று, நான் நம்பாத ஒரு சாமியின் பேரில் மூட்டிய அடுப்பிலிருந்துதான் நானும் சாம்பார் வாளியைத் தூக்குகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு.