சட்டம் விரட்டியதும் விலை விரட்டுவதும்

ஒருவரை அவர் வாழும் தெருவிலிருந்து இனத்தின் பெயரால் சட்டம் வெளியேற்றுமாயின் அஃது அநீதி என்பதில் இன்று எவர்க்கும் ஐயமில்லை. அதே மனிதரை அதே தெருவிலிருந்து வாடகை உயர்வு வெளியேற்றினால் அதனை என்னென்பது? அநீதி என்போமாயின் அதனை இழைத்தவர் யார்? இவ்வினாவைத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரை முன்னிறுத்தி ஆராய்தல் பொருந்தும். இருவகை வெளியேற்றமும் அங்கே ஒரே மலையடிவாரத்தில் நிகழ்ந்துள்ளன.

மேசை மலைக்கும் துறைமுகத்துக்கும் இடையே டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், அதாவது ஆறாம் வட்டாரம் என்றொரு பகுதி உண்டு. 1867-இல் நகராட்சி வகுத்த எண்ணே அதன் பெயராயிற்று. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர், கைவினைஞர், சிறுவணிகர், துறைமுகத் தொழிலாளர் எனப் பல இனத்தாரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த இடம் அது. 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் ஒவ்வோர் இனத்தார்க்கும் தனித்தனி நிலப்பரப்பை வரையறுத்தது. அச்சட்டப்படி 1966 பிப்ரவரி 11 அன்று ஆறாம் வட்டாரம் வெள்ளையர்க்கே உரியதென அறிவிக்கப்பட்டது. 1980-களின் தொடக்கத்திற்குள் 60,000-க்கும் மேற்பட்டோர் கேப் ஃபிளாட்ஸ் எனப்படும் மணற்சமவெளிக்கு அகற்றப்பட்டனர். வீடுகள் தரைமட்டமாயின, வழிபாட்டிடங்கள் சில மட்டுமே எஞ்சின. அவ்வளவு பாடுபட்டுப் பறித்த நிலத்தின் பெரும்பகுதி எவர்க்கும் பயன்படாமல் புல் முளைத்துக் கிடந்தது. 1994-இல் தொடங்கப்பட்ட அவ்வட்டார அருங்காட்சியகத்தில் பழைய தெருப் பெயர்ப்பலகைகளைக் காணலாம். அவற்றை எறிந்துவிடாமல் ஒளித்து வைத்திருந்து கொடுத்தவர், இடிப்புப் பணியில் இருந்த ஒருவரே!

1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவர் வழித்தோன்றல்கள் டர்பன் நகரின் கேட்டோ மேனரை விட்டுச் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்ந்ததும் இதே சட்டத்தால்தான் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

சட்டம் நீங்கியது. 1994-இல் நில மீட்புரிமைச் சட்டம் வந்தது. ஆயினும் ஆறாம் வட்டாரத்திற்கு முதன்முதலாகத் திரும்பியோர் வீட்டுச் சாவி பெற்றது 2004-இல்தான். அவர்கள் எண்பது வயதைக் கடந்திருந்தனர்.

இனி வுட்ஸ்டாக் பகுதியை நோக்குவோம். ஆறாம் வட்டாரத்தை அடுத்துக் கிழக்கே உள்ள இப்பகுதி, இனவொதுக்கல் காலத்திலும் பெரும்பாலும் இடிபடாமல் பல இனத்தார் வாழும் இடமாகவே தப்பியது. சட்டத்திற்குத் தப்பியது விலைக்குத் தப்பவில்லை. பழைய பிஸ்கட் ஆலை ஒன்று கடைகளும் உணவகங்களும் நிறைந்த வளாகமாயிற்று, ஆலைகள் அலுவலகங்களாயின, வாடகை ஏறியது. நகர மையங்களைப் புதுப்பிப்போர்க்கு அரசு 2003-இல் கொண்டுவந்த வரிச்சலுகையும் துணை நின்றது. ஆகவே விலை மழைபோல் தானே பெய்ததென்று கொள்வதற்கில்லை.

நகரின் மறுபுறம், சிக்னல் குன்றின் சரிவில் போ-காப் உள்ளது. மலாய் வட்டாரம் என அழைக்கப்பட்ட இப்பகுதியின் பெயர் நம் நாட்டார்க்கு நெருக்கமாக ஒலிக்கும். டச்சுக்காரர் கொணர்ந்த அடிமைகளும் நாடுகடத்தப்பட்டோருமே அச்சமூகத்தின் முன்னோர். பலர் இந்தோனேசியத் தீவுகளைச் சார்ந்தவர். கேப்பிற்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளுள் வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை ஆகியவற்றினின்று வந்தோரும் இருந்தனர். 1794-இல் நிறுவப்பட்ட பள்ளிவாசல் இன்றும் அங்குண்டு. அவ்வண்ண வீடுகளின் விலை ஏற ஏற, விற்காமல் வாழ விரும்புவோரின் சொத்து வரியும் ஏறியது. 2019-இல் நகராட்சி அப்பகுதியை மரபுக் காப்பு மண்டலமாக்கியது. நல்லதே. ஆயினும் சுவரின் வடிவைக் காக்கும் விதி, சுவருக்குள் இருப்பவரைக் காப்பதில்லை.

இங்கே எதிர்வாதம் ஒன்றனைக் கேட்டாக வேண்டும். விற்றவர் விரும்பியே விற்றார். நல்ல விலையும் பெற்றார். வாங்கியவர் நெஞ்சில் இனவெறி இல்லை. அவரே கறுப்பினத்தவராகவும் இருக்கலாம். முதலீடே வாராத பகுதியில் கூரை ஒழுகும்; அதுவும் ஏழைக்கு நன்றன்று. இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அது வாடகைக்காரரைப் பற்றி வாய் திறப்பதில்லை. மேலும், விலை என்பது விருப்பத்தை மட்டும் அளப்பதன்று. கொடுக்கும் ஆற்றலையும் அளக்கின்றது. ஒருவருடைய பாட்டனார் நகரில் வீடு வாங்க உரிமை பெற்றிருந்தார்; அதன் மதிப்பு வளர்ந்து பேரன் கைக்கு வந்தது. மற்றவருடைய பாட்டனார் மணற்சமவெளியில் வாடகை வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பேரன் கைக்கு வந்தது பேருந்துச் செலவு. இருவரையும் ஒரே ஏலத்தில் நிறுத்திவிட்டு, விதி பொதுவானது என்பது நடுவுநிலைமை ஆகுமா? பழைய சட்டம் ஏட்டிலிருந்து நீங்கியும் விலைப்பட்டியலில் வாழ்கின்றது என்பதே என் துணிபு.

அங்ஙனமாயின் குற்றவாளி யார்? சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தீமை செய்யும் கருத்தோடு தீர்ப்பளித்தவன் அல்லன். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பினான். ஆயினும் சிலம்பு உடைந்தபோது பழியைத் தனதென ஏற்றான். வுட்ஸ்டாக்கில் அவ்வாறு ஏற்பவர் எவரும் இல்லை. வாங்கியவர் சந்தையைச் சுட்டுவார். சந்தை எவரையும் சுட்டாது. செய்தவரைத் தேடுவதில் நாம் காலம் போக்குவதினும், பயன்பெற்றவர் எவர், தடுக்கும் ஆற்றல் உடையவர் எவர் என வினவுதல் தகும். தீங்கு நினையாதவர்க்கும் கடமை உண்டு.

தென்னாப்பிரிக்காவின் 1996-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சூழ்நிலைகள் அனைத்தையும் ஆராய்ந்த நீதிமன்ற ஆணையின்றி எவரையும் வீட்டினின்று வெளியேற்றலாகாது என்கின்றது. வுட்ஸ்டாக்கின் ப்ரோம்வெல் தெருவில் நெடுங்காலம் வாடகைக்கு வாழ்ந்த குடும்பங்களின் வீடுகள் கைமாறியபின் வழக்கு எழுந்தது. தொலைவிலுள்ள தற்காலிகக் குடியிருப்புக்கு அவர்களை அனுப்ப நகராட்சி முனைந்தது. 2024 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம், நகர மையத்தில் அவசரத் தங்குமிடம் ஏற்பாடு செய்யாத நகராட்சியின் போக்கு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்து, அவர்கள் வாழும் இடத்திற்கு இயன்றவரை அருகிலேயே இடம் தருமாறு ஆணையிட்டது. வீடுகளின் உரிமையாளரை அத்தீர்ப்பு குற்றவாளியாக்கவில்லை. ஏறிய விலையையும் இறக்கவில்லை. இடம் தரும் கடமை எவருடையது என்பதை மட்டும் பெயர் சொல்லிக் குறித்தது.