உயிருக்கு விலை பேசுவோன் கடமை

ஓர் உயிரை விலை கொடுத்து வாங்குவது தர்மத்துக்கு உகந்ததுதானா என்ற கேள்வி, பூனைக்குட்டி ஒன்றை வாங்கி வளர்க்க ஆசைப்படுகிறவருக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் இந்நாட்டுச் சமயங்கள் அதனை அற்பமாகக் கருதியதில்லை. இல்லறத்திலிருக்கும் உபாசகன் செய்யலாகாத ஐந்து வியாபாரங்களைச் சொல்ல வந்த புத்தர் பிரான், ஆயுதம், மாமிசம், மது, விஷம் ஆகியவற்றோடு உயிர்களின் விக்கிரயத்தையும் ஒருங்கு வைத்தே விலக்கினார். சமணர் தம் சிராவகருக்கு விலக்கிய பதினைந்து தொழில்களுள்ளும் பிராணிகளை விற்றுப் பொருளீட்டுவது அடங்கும். இவ்விரண்டும் விற்பவனை நோக்கிய விலக்குகள். வாங்குகிறவன் பக்கம் நம் சிந்தையைத் திருப்பியவர் வள்ளுவர். தின்பதற்கென்று கேட்பார் இல்லையேல் விலைக்கு ஊன் தருவாரும் இல்லை என்று புலால் மறுத்தலில் அவர் நிறுவிய காரண காரியத் தொடர்பு, இறைச்சிக்கு மட்டுமன்றி, மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கென்று வாங்கும் பிராணிக்கும் பொருந்தும் என்பதே என் துணிபு.

தெருவிலும் காப்பகங்களிலும் அடைக்கலம் தேடும் குட்டிகள் எத்தனையோ இருக்க, விலை கொடுப்பானேன் என்பார் உளர். அவர் வாதத்தில் நியாயம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வாதத்தைக் கேட்ட பின்னும் வாங்கப் போகிறவர்கள் இருக்கவே செய்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு தர்மம் சொல்லியாக வேண்டும்.

நல்ல குட்டியின் லக்ஷணங்களைக் கால்நடை மருத்துவர்கள் தெளிவாகவே கூறுவர்: கண்ணில் பீளை இராது, மூக்கு ஒழுகாது, காதுக்குள் உண்ணியைக் காட்டும் கரும்பொடி அழுக்கு இராது, வயிறு குடற்புழுவால் உப்பியிராது, வாலடி சுத்தமாயிருக்கும், ரோமத்தை விலக்கிப் பார்த்தால் தெள்ளுப்பூச்சி இராது, கையில் எடுத்தால் முதலில் சற்று வெருண்டாலும், பிறகு விளையாட முன்வரும். இவற்றையெல்லாம் சோதிப்பது, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் ஒரு ஜீவனைப் பொறுக்குவதாகாதோ என்று இளகிய நெஞ்சினர் கூசுவதுண்டு. சோதனை யாருக்கு என்பதை மறப்பதால் வரும் கூச்சம் அது. பீளை கட்டிய கண்ணுக்குக் குட்டி பொறுப்பன்று. நோயுற்றதைப் பிரித்து வைத்து மருந்திடாதவனே பொறுப்பு. உப்பிய வயிறு, புழு நீக்க மருந்தை உரிய காலத்தில் கொடாதவனின் அசிரத்தைக்குச் சாட்சி. பரீட்சைக்கு நிற்பவன் வளர்த்தவன். குட்டி அவனுடைய ஒழுக்கத்தைத் தன் உடம்பில் தாங்கி நிற்கிறது, அவ்வளவே.

ஆதலின் குட்டியைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது தாயை. ஜீவாத்மா தன் முயற்சி ஏதுமின்றிப் பகவானின் கிருபையால் மட்டுமே உய்கிறது என்பதை விளக்கத் தென்கலை வைணவர் கையாளும் மார்ஜார நியாயத்தை நம்மவர் அறிவர். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப் போலன்றி, தாய் வாயால் கவ்விச் செல்ல வாளா கிடக்கும் பூனைக்குட்டியே அங்கே சரணாகதிக்குத் திருஷ்டாந்தம். அவ்வளவு முழுமையாகத் தாயைச் சார்ந்த சிசுவை, பால் மறக்கும் முன்னரே பிரித்து விற்பது என்ன நியாயம்? பிறந்து இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை அது மனிதரோடு பழகும் சுபாவத்தைப் பெறுகிறது; தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் இன்னும் சில வாரம் இருந்தால்தான் கடியை அடக்கவும் நகத்தை ஒடுக்கவும் கற்கிறது. பிரிட்டனின் பூனை வளர்ப்போர் சங்கம் 13 வாரத்துக்கு முன் குட்டியைக் கொடுக்கலாகாது என்கிறது. 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் நடைமுறையிலுள்ள 'லூசி சட்டம்', ஆறு மாதத்துக்குட்பட்ட நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் இடைத்தரகர் விற்பதைத் தடுத்து, பிறந்த இடத்திலேயே தாயோடு காட்டி விற்கச் சொல்கிறது. லூசி என்பது, வேல்ஸில் குட்டி ஈனுவதற்கென்றே கூண்டில் அடைபட்டு, முதுகெலும்பு வளைந்து, 2013இல் மீட்கப்பட்ட ஒரு நாயின் பெயர். விற்பவன் அத்தகைய தாய்மார்களைக் காட்ட மாட்டான். தாயைப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையின் தாத்பரியம் அதுதான்.

கண்ணுக்குப் புலப்படாத குறைகள் இன்னும் கொடியவை. பாரசீகப் பூனைகளில் பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய், குட்டிப் பருவத்தில் எந்த அடையாளமும் காட்டாமல், பல ஆண்டுகள் கழித்தே உயிரை வருத்தத் தொடங்கும். பெற்றோருக்கு மரபணுச் சோதனை செய்து, முடிவை மறைக்காமல் காட்டுகிறவனின் சத்தியமே அங்கே வாங்குகிறவனுக்குத் துணை. விற்கும் பொருளின் குறையை ஒளிக்கலாகாது என்று இஸ்லாமிய வணிக நெறி வற்புறுத்துவதன் அருமை இங்கே விளங்கும். ஸ்காட்டிஷ் ஃபோல்டு என்னும் இனத்தின் நிலையோ வேறு. முன்பக்கம் மடிந்த அதன் காதை அழகென்று உலகம் கொண்டாடுகிறது. அக்காதை மடிக்கும் அதே மரபணுதான் உடம்பெங்குமுள்ள குருத்தெலும்பைக் கெடுத்து மூட்டுகளில் வேதனை தருகிறது. அதனை நேர்மையாளனிடம் வாங்கினும் தோஷம் நீங்காது. தோஷம் வாங்குகிறவனின் ரசனையிலேயே இருக்கிறது.

எஞ்சியிருப்பது மிகக் கடினமான கேள்வி. கம்பிக்கூண்டுக்குள் தும்மிக்கொண்டு சுருண்டு கிடக்கும் குட்டியைக் கண்டு, இதை விட்டுச் சென்றால் செத்துவிடுமே என்ற தயையால் பணம் கொடுத்து எடுத்து வருகிறவரைக் குறை கூற எனக்கு நா எழவில்லை. ஆயினும், அக்கூண்டில் மறுநாள் வேறொரு குட்டி கிடக்கும்; அதற்கு முதலாக அமைவது அவர் கொடுத்த பணமேயாகும். கண்முன் கிடக்கும் ஒன்றுக்கு இரங்குவது கருணை. இனிப் பிறக்கப் போகும் பலவற்றையும் எண்ணிப் பார்ப்பதும் கருணையே. இரண்டும் முரண்படும்போது பின்னதையே பற்ற வேண்டும் என்பது என் தீர்மானம். அதற்காக அந்தக் குட்டியைக் கைவிட வேண்டியதில்லை. 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்று 2018இல் விதிகளும் வந்துள்ளன. நோயுற்ற குட்டிகளைக் கூண்டிலிட்டு விற்கும் கடையைக் கண்டால், பணத்தை எடுக்காதீர்கள். வாரியத்துக்கு எழுதுங்கள், எழுதியதற்கு விடை வரும்வரை விடாதீர்கள்.