கப்பலில் வந்த சத்துரு

1983-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த "வி" தொடரைப் பார்த்தேன். பட்டணங்களுக்கு மேலே விண்கலங்கள் வந்து நிற்கும். சிநேகிதராய் வந்தவர்கள் மனுஷரையே ஆகாரமாக்கப் பார்ப்பார்கள். "ஒருத்தனையும் விடப்படாது"ன்னு நமக்குத் தோணும். ஆனாலும் அந்தக் கூட்டத்திலேயே மனுஷருக்கு உதவினவர்களும் உண்டு!

நம்ம குளச்சலுக்கும் கப்பலில் சத்துரு வந்தான். 1741-ல் மார்த்தாண்டவர்மா டச்சுப் படையைத் தோற்கடித்தார். பிடிபட்ட டிலனாயையோ அவர் கொன்றுபோடவில்லை. அந்த டிலனாயே திருவிதாங்கூர் சேனையைப் பழக்குவித்துத் தளபதியானார், 1777-ல் மரித்தார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருக்கிறது.

சத்துரு வரும்போது எதிர்த்து நிற்கத்தான் வேணும். ஜெயித்த பிறகு என்ன செய்கிறோம்? அதில்தான் நாம் யாரென்று தெரியும். சொத்து கேஸ்ல உங்களிடம் தோற்றுப்போன கூடப்பிறப்புக்கு இன்று உங்கள் வாசல் திறந்திருக்கிறதா?