தோல்வியில் பங்கு

சூதைப் பற்றிப் பேசும்போது நம் அறநூல்கள் பெரும்பாலும் ஆடுகிறவனைப் பார்த்தே பேசுகின்றன. திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தில் பத்துக் குறளும் ஆடிக் கெடுகிறவனுக்கான எச்சரிக்கை. அவனைக் கூட்டிக்கொண்டு வந்தவன் அங்கே வருவதில்லை. இன்றைய இணையச் சூதாட்டத்திலோ கூட்டிக்கொண்டு வருவது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அந்தத் தொழில் செய்பவருக்கு அஃபிலியேட் என்று பெயர். அவர் சூதாட்டக் கூடம் நடத்துவதில்லை, பந்தயப் பணத்தைத் தொடுவதும் இல்லை. கேசினோக்களை ஒப்பிட்டு எழுதுகிறார், எங்கே எவ்வளவு போனஸ் கிடைக்கும் என்று தொகுத்துச் சொல்கிறார், கீழே ஓர் இணைப்பைத் தருகிறார். அதன் வழியாகப் போய் ஒருவர் கணக்குத் தொடங்கிப் பணம் போட்டால் அஃபிலியேட்டுக்குக் கமிஷன். இது வெறும் வழிகாட்டலா, ஆடுபவரின் அழிவில் இவருக்கும் பங்கு உண்டா? இதற்கான விடையை அவர் மனத்தில் தேடுவதைவிட அவர் வேலையை அளக்கும் கணக்கில் தேடுவதே சரி என்பது என் எண்ணம்.

அந்தக் கணக்கு இரண்டு விதம். புதிதாகப் பணம் போடும் ஒவ்வொருவருக்கும் ஒரே தடவையாக ஒரு தொகை தருவது ஒன்று. மற்றது வருவாய்ப் பங்கு. அஃபிலியேட் அனுப்பிய ஆட்டக்காரர்களால் நிறுவனத்துக்குக் கிடைக்கும் நிகர வருவாயில் 25, 30 சதவீதம், சில ஒப்பந்தங்களில் அதற்கு மேலும், பல சமயம் அந்த ஆட்டக்காரர் ஆடுகிற காலம் முழுக்கத் தருவார்கள். நிகர வருவாய் என்றால் என்ன? கட்டிய பணத்திலிருந்து வென்று எடுத்துப்போன பணத்தையும் போனஸ், வரி, கட்டணங்களையும் கழித்தால் மிஞ்சுவது. ஆட்டக்காரரின் பக்கமிருந்து பார்த்தால் அது அவர் தோற்ற பணம்தான். பல ஒப்பந்தங்களில் இன்னொரு விதியும் இருக்கிறது. தான் அனுப்பியவர்கள் ஒரு மாதம் பெரிதாக வென்றுவிட்டால் அஃபிலியேட்டின் கணக்கு மைனஸில் போகும். அந்த மைனஸ் அடுத்த மாதத்துக்குத் தொடரும். அவர்கள் தோற்றுத் தோற்று அது நிரம்பிய பிறகுதான் அவருக்குக் காசு. முகம் தெரியாத ஒருவர் வென்றதை நஷ்டமாகவும் அவர் தோற்றதை வரவாகவும் மாதாமாதம் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரை இந்த விதி உருவாக்குகிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அவருடைய வீட்டு வாடகை அந்த அந்நியரின் தோல்வியோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது.

சூதிலிருந்து பங்கு எடுப்பது புதிதல்ல என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். சூதைக் கண்காணிக்கக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் ஓர் அதிகாரியையே நியமிக்கிறது. ஆனால் அவர் எடுக்கும் நூற்றுக்கு ஐந்து, வென்றவன் கையில் சேர்ந்த பொருளிலிருந்து எடுப்பது. ஆட்டம் நடக்க வேண்டும் என்பதில்தான் அவருக்கு அக்கறை. இன்னார் தோற்க வேண்டும் என்பதில் இல்லை. வருவாய்ப் பங்கு இந்த உறவைத் தலைகீழாக்கிவிட்டது. கௌடில்யரின் ஏற்பாட்டைப் புனிதமாக்க நான் முனையவில்லை. பங்கு எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பது பங்கு எடுப்பவரின் விருப்பத்தையே மாற்றிவிடும் என்பதற்கு அது நல்ல சான்று.

எந்த வியாபாரியும் வாடிக்கையாளர் செலவழிக்க வேண்டும் என்றுதானே விரும்புகிறார் என்று கேட்கலாம். துணிக்கடையில் பணம் போனால் கைக்குத் துணி வருகிறது. ஆட்டத்தின் பொழுதுபோக்கும் ஒரு சரக்குதான் என்று வாதிட்டால், மிதமாக ஆடுகிறவர்களைப் பொறுத்தவரை அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாபம் அவர்களிடமிருந்து பெரிதாக வருவதில்லை. பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் குழு 2020இல் வெளியிட்ட அறிக்கை, சூதாட்டத் தொழிலின் லாபத்தில் 60 சதவீதம், சூதில் சிக்கியவர்களும் சிக்கும் நிலையில் இருப்பவர்களுமான 5 சதவீதத்தினரிடமிருந்து வருவதாகச் சொன்னது. இதை அஃபிலியேட்டின் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். எந்தப் பக்கம், எந்தத் தேடுசொல் அதிக மதிப்புள்ள ஆட்டக்காரரைக் கொண்டுவருகிறது என்று அவர் வரிசைப்படுத்துகிறார். அதிக மதிப்புள்ளவர் என்றால் அதிகம் தோற்பவர். நிறுத்த முடியாதவர்களைத் தேடிப் பிடி என்று யாரும் கட்டளையிட வேண்டியதில்லை; அட்டவணையே அங்கே கொண்டுபோய் விடுகிறது. பகடை எப்படி விழும் என்பது அவர் கையில் இல்லை என்பது சரியே. யாரைப் பலகையின் முன் உட்கார வைப்பது என்பது அவர் கையில்தான் இருக்கிறது. 2017இல் பிரிட்டனின் விளம்பரத் தரநிலை ஆணையம் கண்டித்த ஒரு விளம்பரம், கடனில் மூழ்கி, மனைவியும் நோயுற்ற ஒரு மனிதர் இணையச் சூதால் மீண்டதாகச் செய்தி போலவே எழுதப்பட்டிருந்தது. எழுதியது அஃபிலியேட். நாங்கள் எழுதவில்லை என்ற சமாதானம் நிறுவனங்களைக் காப்பாற்றவில்லை. ஆணையம் அவற்றையே பொறுப்பாக்கியது. என்னை இதைவிடவும் கலங்க வைப்பது இன்னொன்று. இனி ஆடமாட்டேன் என்று முடிவெடுத்தவர்கள் தங்களைத் தாங்களே விலக்கிக்கொள்ள பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்ற பதிவேடு உண்டு. அந்தப் பதிவேட்டுக்குக் கட்டுப்படாத கேசினோக்களைப் பட்டியலிடும் பக்கங்களை அஃபிலியேட்டுகள் நடத்துகிறார்கள். ஒருவர் தன்னோடு போராடி எடுத்த நோன்பைக் கலைக்கவே கட்டப்பட்ட வாசல் அது.

ஆடுபவர் வயது வந்தவர், தானாக விரும்பி வருகிறார் என்பதுதான் எதிர்வாதங்களில் வலுவானது. அவருடைய பொறுப்பை நான் மறுக்கவில்லை. பொறுப்பு ஒருவரிடம் இருந்தால் மற்றவரிடம் இருக்காது என்பதைத்தான் மறுக்கிறேன். இதைச் சமணர்கள் வெகு காலத்துக்கு முன்பே தெளிவாக யோசித்திருக்கிறார்கள். ஒரு செயலைச் செய்வது, செய்விப்பது, பிறர் செய்ததற்கு மனத்தால் உடன்படுவது என மூன்றுமே வினையைச் சேர்க்கும் என்பது அவர்கள் கொள்கை. ஏழு தீய பழக்கங்களின் பட்டியலில் அவர்கள் முதலில் வைப்பது சூது. மனுவும் தண்டனை சொல்லும்போது ஆடுகிறவனையும் ஆட வைக்கிறவனையும் சேர்த்தே சொல்கிறார். எண்ணமே வினை என்பது புத்தர் நிலை. அதன்படி பார்த்தால், தீய எண்ணம் இல்லாமல் இணைப்பு மட்டும் தந்த அஃபிலியேட் தப்பிவிடலாமே என்று தோன்றும். ஒருமுறை தந்தவர் தப்பலாம். மாதாமாதம் அந்தக் கணக்கைத் திறந்து, பிறரின் தோல்வி கூடியதில் மகிழ்ந்து, அதைக் கூட்டும் வழிகளை ஆராய்பவரிடம் எண்ணம் இல்லை என்று எப்படிச் சொல்வது? உடன்பாடு அங்கே கணநேர மனநிலை அல்ல, அன்றாட வேலை.

அப்படியானால் ஒரே தொகை வாங்கும் அஃபிலியேட் குற்றமற்றவரா? முழுக்க இல்லை. ஓர் ஆட்டக்காரர் ஆயுள் முழுக்க எவ்வளவு இழப்பார் என்று நிறுவனம் மதிப்பிட்டுத்தான் அந்தத் தொகையை நிர்ணயிக்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு, அதைச் சிறிதென்று தள்ள மாட்டேன்: பணம் வாங்கிய பிறகு அந்த மனிதர் ஆட்டத்தை விட்டு எழுந்து போனால் இவருக்கு வருத்தமில்லை. இப்படியே போனால் மென்பொருள் எழுதுபவர், கணக்கர், வரி வாங்கும் அரசு எல்லோருமே குற்றவாளிகளாகிவிடுவார்களே என்பார்கள். பங்கு எல்லோருக்கும் உண்டு, அளவு வேறு. மாதச் சம்பளம் வாங்கும் கணக்கருக்கு ஒருவர் கூடுதலாகத் தோற்பதால் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை. அரசுக்குக் கிடைக்கிறது, அந்த வரியை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. இந்தியாவில் 2025இல் வந்த இணைய விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை நடத்துவதோடு அவற்றை விளம்பரம் செய்வதையும் தனிக் குற்றமாக்கி, இரண்டாண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. சூதை அனுமதிக்கும் நாடுகள் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், தோல்வியில் சதவீதம் தரும் ஒப்பந்தங்களையும் மைனஸைச் சுமக்க வைக்கும் விதியையும் உடனே தடை செய்யலாம். அந்தப் பங்கு இல்லாமல் இந்தத் தொழில் நிற்காது என்று நிறுவனங்கள் சொன்னால், அதையே அவர்களுக்கு எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.