கடைசியில் உண்பவள் யார்?

திருமண மறையுரைகளிலும் அன்னையர் விழாக்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் வேதப் பகுதி, நீதிமொழி ஆகமத்தின் 31ஆம் அதிகாரம். இருள் விலகுமுன் எழுந்து, வீட்டாருக்கு உணவு ஆயத்தம் செய்யும் நற்குண மனைவி அங்கே போற்றப்படுகிறாள். நம் மலைநாட்டுத் தாய்மாருக்கு இது புதுச் செய்தி அன்று. ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை என எப்பகுதித் தோட்டத்துக்குச் சென்றாலும் நாம் காண்பது இதுதான். விடியுமுன் அடுப்பு மூட்டி, தேத்தண்ணீர் ஊற்றி, கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்துக்கும் அனுப்பிவிட்டு, நேரத்தோடு பிரட்டுக்குப் போய் நிற்பவள் தாயே.

பிறகு நாள் முழுவதும் மலையில் கொழுந்து பறிக்க வேண்டும். தோட்டம் குறித்த கிலோ நிறைந்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். மாலை நிறுவை முடிந்து வீடு வந்தால் மறுபடியும் அடுப்பு. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் பரிமாறிய பின், சட்டியில் மிஞ்சியதை அடுப்படியிலேயே இருந்து உண்கிறாள். மிஞ்சாத நாளில் தேத்தண்ணீரோடு படுத்துவிடுகிறாள்.

இதைத் தியாகம் என்று புகழ்வதா, அநீதி என்று வருந்துவதா? கிறிஸ்தவக் குடும்பங்களாகிய நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

தியாகம் என்போரின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களில் மரணங்கள் பெருகின. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் கோதுமை மாவின் விலை ஏறியபோது ரொட்டியும் எட்டாப் பொருளாயிற்று. இத்தகைய நாள்களில் தன் பங்கைப் பிள்ளைக்கு விட்டுக் கொடுக்கும் தாய் சிலுவையின் வழியில் நடப்பவள். அந்த அன்பை எவரும் குறைத்துப் பேச இயலாது.

ஆனால் தானாகக் கொடுப்பது வேறு. கொடுத்தே ஆக வேண்டும் என்று பிறர் எதிர்பார்ப்பது வேறு. பஞ்ச காலத்தில் அவள் மனமுவந்து செய்ததை, பஞ்சமில்லாத நாளிலும் நாம் வழக்கமாக்கிக் கொண்டால், அது அவளுடைய தியாகம் அன்று, நம்முடைய வசதி. அந்த வசதிக்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவது சரியாகுமா?

நீதிமொழி ஆகமத்தின் அந்த அதிகாரத்தை நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். அவளுடைய கைகளின் பலனில் அவளுக்கும் பங்கு கொடுக்க வேண்டும் என்று கூறியே அது முடிவடைகிறது. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி கிடைத்தது 1984ஆம் ஆண்டில்தான். அதுவரை அவளுடைய பேருக்குக் குறைந்த காசே கிடைத்தது. கூலி சமமான பின்னும் அடுப்படி சமமாகவில்லை. கவ்வாத்து, கான் வெட்டு போன்ற வேலைக்குச் செல்லும் ஆண்கள் பலர் பிற்பகலிலேயே வீடு திரும்பிவிடுகின்றனர். கொழுந்துக்குப் போனவள் பொழுது சாயும் நேரத்தில் வந்துதான் அவர்களுக்கும் சமைக்கிறாள்.

கொரிந்து நகரத் திருச்சபையிலும் இப்படி ஒரு குறை இருந்தது. ஆண்டவரின் விருந்துக்காகக் கூடியவர்களில் சிலர் முந்திக்கொண்டு வயிறார உண்டனர். சிலர் பசியோடு இருந்தனர். அவர்கள் வேலை முடிந்து பிந்தி வந்த ஏழைகளாக இருக்கலாம் என்பது வேத அறிஞர் பலரின் கருத்து. புனித சின்னப்பர் இதைக் கடுமையாகக் கண்டிக்கிறார். உண்ணக் கூடும்போது ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்கிறார் (1 கொரி. 11). நற்கருணைப் பந்தியில் ஒன்றாக அமரும் நாம், வீட்டுப் பந்தியில் வேலை முடிந்து பிந்தி வருபவளுக்காகக் காத்திருக்கிறோமா?

இது மரியாதை பற்றிய பேச்சு மாத்திரம் அன்று. 2016ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட சுகாதார ஆய்வின்படி, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு சுமார் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியிலோ அத்தொகை 100க்கு சுமார் 32. குறைந்த கூலி, நெருக்கமான லயம், தொலைவிலுள்ள மருத்துவமனை எனக் காரணங்கள் பல உண்டு. அவற்றுக்காக நாம் குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆயினும் கருவுற்ற தாயின் தட்டில் குறைவது பிள்ளையின் உடலிலும் குறையும் என்பது மருத்துவர் சொல்லும் உண்மை. வீட்டுக்குள் நம் கையால் திருத்தக் கூடியதை ஏன் ஒத்திப் போட வேண்டும்?

பந்தியைச் சுற்றி ஒலிவக் கன்றுகளைப் போல் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வீட்டைத் திருப்பாடல் 128 வாழ்த்துகிறது. 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் மேசை போட இடம் ஏது என்று கேட்கலாம். பாய் விரித்தால் அதுவே பந்தி. அன்போடு உண்ணும் கீரை, பகையோடு உண்ணும் கொழுத்த கன்றைவிட மேல் என்கிறது நீதிமொழி. இன்று பகைகூட வேண்டாம். கைத்தொலைபேசி ஒன்றே போதும், ஒரே காம்பராவில் இருப்போரை ஆளுக்கொரு மூலையாகப் பிரித்துவிட. பிள்ளைகள் கொழும்பிலும் தாய் வெளிநாட்டிலும் உழைக்கும் வீடுகளும் இன்று பல. அங்கே அடுப்பை அணையாமல் காக்கும் பாட்டிமாருக்கும் இதே காத்திருத்தல் உரியது.

அடுப்பு மூட்டுவது ஆணுக்கு இழிவு என்று எண்ணுவோர், அருளப்பர் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். இரவு முழுதும் வலை வீசிக் களைத்த சீடர்கள் கரையேறும்போது, அங்கே கரி நெருப்பும் மீனும் அப்பமும் ஆயத்தமாக இருந்தன. உண்ண வருமாறு அழைத்துப் பரிமாறியவர் உயிர்த்தெழுந்த ஆண்டவரே. உழைத்துக் களைத்து வந்தோருக்கு உணவோடு காத்திருப்பது அவர் மாட்சிக்குக் குறைவாகவில்லை; நம் ஆண்மைக்கு மட்டும் குறைவாகுமா?

குடும்பத் தலைவர்களே, முன்னதாக வீடு திரும்பும் நாளில் அடுப்பை மூட்டி உலையை வையுங்கள். தண்ணீர் எடுப்பதும் பாத்திரம் கழுவுவதும் பெண் பிள்ளைகளின் வேலை மட்டும் அன்று என்பதை ஆண் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். ஒரு நேர உணவையேனும், சமைத்தவளும் வந்து அமர்ந்த பின், செபம் சொல்லித் தொடங்குங்கள். இருப்பது எதுவாயினும் முதலிலேயே அவளுக்கும் பங்கு வையுங்கள். தாய்மாரே, அழைக்கும்போது வந்து அமருங்கள். உங்கள் பங்கை உண்பது தன்னலம் அன்று.