முன்பின் தெரியாதவரின் சொல்

ஒழுக்கத்தில் ஐயம், உடம்பில் தொல்லை, அன்றாட வேலையில் சிக்கல் என்று எது வந்தாலும் மனிதர்கள் பிறரிடம் கேட்கிறார்கள். கேட்கப்படுபவர் உறவினரோ ஊர்க்காரரோ என்றால் அவருடைய குணம் தெரியும், பட்டறிவு தெரியும், முன்பு அவர் சொன்னவற்றில் பலித்தது எது, பொய்த்தது எது என்பதும் தெரியும். முன்பின் தெரியாதவர் என்றால் சொல் மட்டுமே கையில் இருக்கிறது. அதை எந்த ஆதாரத்தில் ஏற்பது என்பது மெய்யியலின் பழைய கேள்விகளில் ஒன்று. மூன்று வகை ஐயங்களுக்கும் ஒரே ஆதாரம் போதுமா என்பது அதைவிடக் கடினமான கேள்வி.

இந்தியத் தருக்க நூல்கள் இதை, அறிவைப் பெறும் வழிகளான அளவைகள் பற்றிய விவாதத்தில் வைத்துப் பார்த்தன. சார்வாகர் காட்சியைத் தவிர வேறொன்றையும் ஏற்கவில்லை. பௌத்தத் தருக்கர் திக்நாகர் பிறர் சொல்லைத் தனி அளவையாகக் கொள்ளாமல் அனுமானத்துக்குள் அடக்கினார். சைவ சித்தாந்தத்தின் சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் மற்ற அளவைகளை அடக்குகிறது. மணிமேகலையின் 27ஆம் காதை அளவைகளின் எண்ணிக்கையில் ஆசிரியர்களுக்குள் இருந்த வேற்றுமையைப் பட்டியலிடுகிறது. பிறர் சொல்லைத் தனி அளவையாக நிறுவி, அதற்கு நிபந்தனையும் வகுத்தது நியாய மரபு. கௌதமரின் நியாய சூத்திரப்படி, ஆப்தர் சொல்வதே உரை அளவை. யார் ஆப்தர் என்பதற்கு உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் தரும் இலக்கணம் சுருக்கமானது: ஒரு பொருளை நேரடியாக அறிந்தவர், அறிந்தபடியே அதைப் பிறருக்குச் சொல்ல விரும்புபவர். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் அவர் சேர்க்கிறார். சொல்பவரின் பிறப்பையும் சமயத்தையும் நிபந்தனையாக்காத அந்த ஒரு வரியை, அது எழுதப்பட்ட சமூகத்தை மனத்தில் வைத்துப் படித்தால் அதன் துணிவு விளங்கும். அயலான் என்பதாலேயே ஒருவன் சொல் தள்ளத்தக்கது ஆகாது.

ஆனால் முகம் தெரியாத ஒருவர் நேரடியாக அறிந்தவர்தானா, உள்ளபடி சொல்ல விரும்புபவர்தானா என்பதை எப்படி அறிவது? இதற்கும் நியாய சூத்திரம் ஒரு வழி வைத்திருக்கிறது. உரை இருவகை: இவ்வுலகில் கண்டறியக்கூடிய பொருளைப் பற்றியது ஒன்று, கண்டறிய முடியாததைப் பற்றியது மற்றொன்று. வேதத்தின் நம்பகத்தன்மையை நிறுவ வரும் இடத்தில் அந்த நூல் மருத்துவத்தையே சான்றுக்கு அழைக்கிறது. ஆயுர்வேதம் சொன்ன மருந்து பலிக்கிறது. அதைப்போல, காணாதவற்றைப் பற்றி ஆப்தர் சொல்வதையும் நம்பலாம் என்பது வாதம். சோதிக்க முடிந்த இடத்தில் சம்பாதித்த நம்பிக்கையைச் சோதிக்க முடியாத இடத்துக்கு நீட்டும் வாதம் இது. முன்பின் தெரியாதவரிடம் யோசனை கேட்பதில் உள்ள வசதியும் ஆபத்தும் இந்த நீட்சியில்தான் இருக்கின்றன.

ஐரோப்பாவில் டேவிட் ஹியூம் 1748இல், பிறர் சொல்லை நம்புவதற்கு முந்தைய அனுபவமே காரணம் என்றார். மனிதர் சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போவதைக் கண்டு கண்டு நம்பப் பழகுகிறோம் என்பது அவர் கருத்து. 1764இல் தாமஸ் ரீட் இதை மறுத்தார். அப்படியானால் குழந்தை யாரையும் நம்பக்கூடாது. உண்மையில் குழந்தைதான் எல்லாரையும் நம்புகிறது. நம்புவது இயல்பு, ஐயமே அனுபவத்தால் வருவது என்றார் ரீட். அன்றாடச் செயல்களைப் பொறுத்தவரை இருவரில் யார் சொல்வது சரியானாலும் நடைமுறை மாறாது. வழி கேட்டவன் தவறான தெருவில் திரும்பினால் சிறிது தூரத்திலேயே தெரிந்துவிடும். ஒழுகும் குழாயை அடைக்க ஒருவர் சொன்ன முறை சரியா என்பதைத் தண்ணீரே சொல்லிவிடும். பிழை விரைவில் வெளிப்படும், இழப்பு சிறியது, திருத்தவும் முடியும். இங்கே அயலாரை நம்பத் தயங்குவதுதான் வீண்.

உடல்நலத்தில் கதை மாறுகிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பாபிலோனியரின் ஒரு வழக்கத்தை மெச்சி எழுதியிருக்கிறார். நோயாளியைச் சந்தைவெளியில் கிடத்திவிடுவார்களாம். அவ்வழியே போகிறவர்கள் என்ன நோய் என்று கேட்க வேண்டும். அதே நோய் தமக்கு வந்து குணமாகியிருந்தாலோ, குணமான ஒருவரைத் தெரிந்திருந்தாலோ, அந்த மருத்துவத்தைச் சொல்ல வேண்டும். பேசாமல் கடந்து போகக் கூடாது. பாபிலோனியருக்கு மருத்துவரே இல்லை என்று அவர் சொல்வது தவறு. அவருக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கும் முற்பட்ட ஹம்முராபி சட்டத்தொகுப்பே மருத்துவர் கூலியையும், சிகிச்சை தவறினால் தண்டனையையும் வகுத்திருக்கிறது. நோய்க்குறிகளை வரிசைப்படுத்திய களிமண் பலகைகளும் கிடைத்துள்ளன. எனினும் அவர் வரைந்த சந்தை ஓர் எண்ணச் சோதனையாக இன்றும் பயன்படுகிறது, ஏனெனில் அதில் இரண்டு நல்ல விதிகள் உள்ளன. அனுபவித்தவரும் கண்டவரும் மட்டுமே பேச வேண்டும். தெரிந்தும் பேசாதிருப்பது குற்றம்.

அந்தச் சந்தையின் குறை எளிதில் கண்ணில் படாதது. அங்கே பேசுகிறவர்கள் எல்லாரும் பிழைத்தவர்கள். அதே மருந்தைக் குடித்துச் செத்தவர் யாரும் அவ்வழியே வருவதில்லை. இதே குறையைச் சமயத்தை முன்வைத்துச் சுட்டும் ஒரு கதையை ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ எழுதி வைத்திருக்கிறார். நாத்திகர் டயாகோரஸிடம், கடலில் புயலுக்குத் தப்பியவர்கள் நேர்ந்துகொண்டு வைத்த படங்களைக் காட்டி, தெய்வங்கள் மனிதரைக் கவனிப்பதற்கு இது சான்றில்லையா என்று கேட்டார்கள். மூழ்கிப்போனவர்களின் படங்கள் எங்கே என்று திருப்பிக் கேட்டார் அவர். பிரான்சிஸ் பேக்கன் 1620இல் இந்தக் கதையை எடுத்து, மனித அறிவு ஒத்துவருவதை மட்டும் எண்ணி ஒவ்வாததை விட்டுவிடும் பழக்கத்துக்கு உதாரணமாக்கினார். ஒரு கஷாயத்தால் சர்க்கரை நோய் தீர்ந்தது என்று சொல்லும் அயலார் பொய் சொல்லாமலும் இருக்கலாம், அன்பினாலும் சொல்லலாம். வாத்ஸ்யாயனரின் இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறியதுபோலவே தோன்றும். அவர் நேரடியாக அறிந்தது தம் உடம்பில் ஏற்பட்ட மாற்றத்தை மட்டுமே. அதற்குக் காரணம் கஷாயம் என்பது அவர் செய்த அனுமானம். அறிந்ததும் அனுமானித்ததும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருவதால், கேட்பவர் இரண்டையும் சேர்த்தே விழுங்குகிறார்.

ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை இதையொத்த ஒரு பிரிவைத் தெளிவாகச் செய்திருக்கிறது. ஆடு மேய்ப்பவரும் மாடு மேய்ப்பவரும் காட்டில் வாழ்பவரும் மூலிகைகளைப் பெயராலும் உருவாலும் அறிவார்கள் என்று அது மதிப்போடு ஒப்புக்கொள்கிறது. பெயரும் உருவும் தெரிந்ததாலேயே ஒருவர் மருந்தின் பயன்பாட்டை அறிந்தவர் ஆகிவிட மாட்டார். இடமும் காலமும் ஆராய்ந்து, ஆளுக்கு ஆள் பார்த்துக் கொடுக்கத் தெரிந்தவரே சிறந்த மருத்துவர் என்று உடனே எல்லையும் கட்டுகிறது. அயலாரின் சொல்லில் இல்லாதது இந்த ஆளுக்கு ஆள் பார்ப்பதுதான். கேட்பவருக்குச் சிறுநீரகம் பழுதா, வேறு மாத்திரை எடுக்கிறாரா, கருவுற்றிருக்கிறாரா என்று எதுவும் அவருக்குத் தெரியாது.

அதற்காக நோயாளிகள் ஒருவரோடொருவர் பேசுவதே தவறு என்று ஒதுக்குவது அநியாயம். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், முன்பின் அறியாத இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதிலிருந்துதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. ஒருவர் பில் வில்சன், நியூயார்க் பங்குச்சந்தைத் தொழிலில் இருந்தவர். மற்றவர் ராபர்ட் ஸ்மித், அறுவை மருத்துவர். மருத்துவரான ஸ்மித்துக்கு வைத்தியம் தெரியாமல் இல்லை. தம்மைப் போலவே குடியிடம் தோற்ற ஒருவரின் வாயிலிருந்து கேட்டதுதான் அவரைத் தொட்டது. அந்த அமைப்பில் உறுப்பினர் தம் கதையைச் சொல்வார். மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. ஒரு நோயோடு எப்படி வாழ்வது என்பதில் அயலார் ஆப்தர் ஆகலாம். அந்த நோய்க்கு என்ன கொடுப்பது என்பதில் அந்தத் தகுதி தானாக வந்துவிடாது.

ஒருவர் சொன்னால் ஐயம், நூறு பேர் சொன்னால் உறுதி என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. பிரெஞ்சுக் கணிதவியலர் கோந்தோர்சே 1785இல் இதற்கு ஒரு தேற்றம் தந்தார். ஒவ்வொருவரும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு என்றால், 101 பேரில் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 98 விழுக்காடு. ஆனால் தனிமனித வாய்ப்பு 40 விழுக்காடாகக் குறைந்தால், அதே கூட்டம் சரியாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். பெரும்பாலோர் தவறாக நம்பும் ஒரு விஷயத்தில் கூட்டம் பெருகப் பெருகப் பிழை உறுதிப்படும். ஒவ்வொருவரும் தனித்து முடிவெடுக்க வேண்டும் என்பதும் தேற்றத்தின் நிபந்தனை. முதலில் பேசியவரைக் கேட்டு அடுத்தவர் தலையாட்டும் இடத்தில் நூறு வாய்கள் இருந்தாலும் சாட்சி ஒன்றே.

ஒழுக்கக் கேள்விகளில் சோதிக்கும் வழியே மறைந்துவிடுகிறது. சொன்னபடி செய்து நன்றாக முடிந்தது என்பதால் செய்தது நியாயம் ஆகாது. ஏமாற்றியும் செழித்தவர் உண்டு. அண்ணன் சொத்துப் பங்கில் வஞ்சித்துவிட்டான், தாயின் மருத்துவச் செலவை இனி அவனே பார்க்கட்டும் என்று விலகலாமா என்று ஒருவர் கேட்டால், விலகிய பிறகு வாழ்க்கை நிம்மதியானது என்பது அதற்கு விடை அல்ல. இன்னொரு தடையும் உண்டு. வயிற்றுவலியை விவரிப்பவர் அதைத் தமக்குச் சாதகமாகத் திரித்துச் சொல்லக் காரணம் குறைவு. குடும்ப வழக்கைச் சொல்பவரோ சொல்லும் விதத்திலேயே தீர்ப்பையும் எழுதிவிடுகிறார். அண்ணன் அங்கே இல்லை, தாயும் இல்லை. அயலார் தீர்ப்பளிப்பது ஒருதலை வழக்கின் மீது.

மூன்றாவது தடையே ஆழமானது. அலிசன் ஹில்ஸ் என்ற மெய்யியலர் 2009இல் எழுதிய கட்டுரையில், ஒழுக்கத்தில் சரியான விடையைப் பெறுவது மட்டும் குறிக்கோள் இல்லை, ஏன் அது சரி என்று விளங்கிக்கொள்வதே குறிக்கோள் என்று வாதிட்டார். ரயில் புறப்படும் நேரத்தைப் பிறர் சொல்லக் கேட்டு ஏறினால் குறை ஒன்றும் இல்லை. வேலைக்காரரை அடிப்பது தவறு என்று யாரோ சொன்னதால் மட்டும் அடிக்காதிருப்பவரிடம் ஏதோ ஒன்று குறைகிறது. இம்மானுவேல் காண்ட் 1784இல், அறிவுக்குப் பதிலாகப் புத்தகத்தையும் மனச்சாட்சிக்குப் பதிலாகப் பாதிரியாரையும் உணவுமுறையை முடிவுசெய்ய மருத்துவரையும் வைத்துக்கொண்டு மனிதர் சிறுபிள்ளைகளாகவே இருந்துவிடுகிறார்கள் என்று கண்டித்தார். மருத்துவரைப் பற்றி அவர் சொன்னது சற்று மிகை. உடலைப் பற்றிய அறிவைப் பிறரிடம் ஒப்படைப்பதில் இழிவு இல்லை. மனச்சாட்சியைப் பற்றிச் சொன்னது நிற்கிறது.

சமய மரபுகள் இரு பக்கத்தையும் பார்த்திருக்கின்றன. கேசபுத்த ஊர்க் காலாமர்கள் புத்தரிடம், வருகிற துறவிகள் ஒவ்வொருவரும் தம் கொள்கையைப் புகழ்ந்து மற்றதை இகழ்கிறார்களே, யாரை நம்புவது என்று கேட்டார்கள். மரபென்றோ நூலென்றோ குருவென்றோ ஏற்காதீர்கள், தீங்கானதை நீங்களே அறியும்போது விடுங்கள் என்றார் புத்தர். இந்தப் பகுதி பலராலும் எடுத்துச் சொல்லப்படுகிறது. அறிவுடையோர் பழிப்பதா, புகழ்வதா என்பதையும் அவர் அதே மூச்சில் அளவுகோலாகச் சேர்த்தார் என்பது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. மக்கள் உனக்குத் தீர்ப்புச் சொன்னாலும் உன் இதயத்திடம் கேள் என்று நபிகள் நாயகம் வாபிஸா என்ற தோழருக்குச் சொன்னதாக ஒரு நபிமொழி வழங்குகிறது. மறுபுறம் மகாபாரதத்தின் வனபர்வத்தில், கொக்கைப் பார்வையால் எரித்த கௌசிகன் என்ற அந்தணனுக்கு அறம் சொல்பவர் இருவரும் அவன் அறியாதவர்கள்: கணவனுக்குப் பணிவிடை செய்துவிட்டுத் தாமதமாகப் பிச்சையிட்ட ஒரு பெண், அவள் அனுப்பிவைத்த, மிதிலையில் இறைச்சி விற்கும் வேடன். தமிழில் கொங்கணவர் கதையாக வழங்குவதும் இதுவே. வேடன் கௌசிகனுக்கு உத்தரவு ஒன்றும் போடவில்லை. காரணங்களைச் சொல்லி விவாதித்தான், தான் பெற்றோரைப் பேணும் விதத்தைக் கூட்டிப்போய்க் காட்டினான். கேட்டவன் தன் பெற்றோரிடம் திரும்பிப் போனான். ஒழுக்கத்தில் அயலார் தரக்கூடியது இதுதான்: கேட்பவர் தாமே எடைபோட்டுப் பார்க்கக்கூடிய காரணம். அதற்கு அவர் யார் என்பது தெரிய வேண்டியதில்லை. உறவினருக்கு இல்லாத ஒன்றும் அவரிடம் இருக்கிறது. முன்னே சொன்ன அண்ணன் வழக்கில், அந்தச் சொத்தில் அவருக்குப் பங்கில்லை. அண்ணனைப் பற்றிய கேள்விக்கு அவர் அஞ்சாமல் பதில் சொல்லலாம், கேட்பவரும் வெட்கப்படாமல் கேட்கலாம்.

சொல்பவருக்கும் கடமை உண்டு. யோசனை கேட்கப்படுபவர் நம்பி ஒப்படைக்கப்பட்டவர் என்பது இஸ்லாமிய மரபின் கொள்கை. இமாம் மாலிக் தம்மிடம் வந்த பல கேள்விகளுக்கு 'தெரியாது' என்று பதில் சொன்னதை அந்த மரபு பெருமையாகவே நினைவுகூர்கிறது. லண்டனில் 1691 முதல் 1697 வரை வெளிவந்த ஏதீனியன் மெர்க்குரி என்ற இதழ் இதற்கு எதிர்மறை உதாரணம். திருமணம், சத்தியம், ஆன்மா, நோய் என்று எதைப் பற்றியும் பெயர் சொல்லாமல் கேட்கலாம். கற்றறிந்த ஒரு பெரிய சங்கம் விடை சொல்வதாக வாசகர்கள் நம்பினார்கள். சங்கம் என்பது உண்மையில் பதிப்பாளர் ஜான் டன்டனும் ஒரு கணிதவியலரும் ஒரு பாதிரியாரும் சேர்ந்த சிறு குழுதான். கேட்பவர் பெயரை மறைப்பது அவருக்குப் பாதுகாப்பு. சொல்பவர் தம் தகுதியை மிகைப்படுத்தினால் ஏமாற்று. தைத்திரீய உபநிடதம், நடத்தையில் ஐயம் வந்தால் யாரைப் பின்பற்றுவது என்று மாணவனுக்குச் சொல்லுமிடத்தில், ஆராய்ந்து பார்ப்பவர், அறத்தை விரும்புபவர் என்பவற்றோடு கடுமை இல்லாதவர் என்பதையும் தகுதியாக வைக்கிறது.

இன்னொரு வகைக் கேள்வியும் உண்டு. கேள்வியின் வடிவில் வந்தாலும் அது விடையைத் தேடி வருவதில்லை. லண்டனில் பாதிரியார் சாட் வாரா 1953இல், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். யோசனை சொல்ல அவர் இருந்தார். காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாகத் தொண்டர்கள் இருந்தார்கள். தொண்டர்களிடம் மனம் விட்டுப் பேசியவர்களில் பலருக்கு அதன்பின் அவரைப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. அதைக் கண்டு, அடுத்த ஆண்டே அந்தப் பணியை அவர் தொண்டர்களிடம் விட்டார். அந்த அமைப்பே சமாரிட்டன்ஸ். சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகாவும் தொண்டர்கள் பொறுமையாகக் கேட்பதையே அடிப்படையாகக் கொண்டது. அழைப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று இத்தகைய தொண்டர்கள் சொல்வதில்லை. முடிவு அழைப்பவரிடமே இருக்கிறது.