குதிரையை விற்பவன் வாய் திறக்க வேண்டுமா?

தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் மாமா வீட்டுக் கொட்டகையில் ஒரு கார் ஆறு வருஷமாக நிற்கிறது. 1966ஆம் ஆண்டு போர்ட் மஸ்டாங். முன்பக்கம் புதுப் பெயிண்ட், பளபளக்கும் பம்பர். பின்பக்கம் பிரைமர் அடித்ததோடு சரி. சீட்டுகள் சாக்கில் கட்டிக் கிடக்கின்றன. பாதி வேலையில் பணம் தீர்ந்தது, அப்புறம் மாமாவுக்கு இடுப்பு வலி வந்தது. இந்த வருஷம் மாமா மகள் கல்லூரியில் சேர்கிறாள். "வித்துடலாம்டா. நீதான் மெக்கானிக்கல் படிக்கிற, விளம்பரத்த நல்லா எழுதிக் குடு" என்றார் மாமா.

எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். 1964 ஏப்ரலில் வெளிவந்து, முதல் பன்னிரண்டு மாதத்திலேயே 4 லட்சத்துக்கும் மேல் விற்ற கார் இது. (பழைய கார் பித்தர்கள் இதை மசல் கார் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள், போனி கார் என்பார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.) அளவெடுத்து, படம் பிடித்து, டயரையும் கழற்றிப் பார்த்தேன். அங்கேதான் வந்தது வினை.

சக்கரத்துக்கு நான்கு போல்ட். அந்தக் காலத்து மஸ்டாங்கில் வி8 என்ஜின் வண்டிக்கு ஐந்து போல்ட் இருக்கும், ஆறு சிலிண்டர் வண்டிக்குத்தான் நான்கு. மாமா காரில் இருப்பதோ 4.7 லிட்டர் வி8. பானெட்டைத் திறந்து, மட்கார்டின் உள்தகட்டில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணைத் துடைத்துப் பார்த்தேன். அதில் ஐந்தாவது எழுத்து என்ஜினைச் சொல்லும். 'சி' என்றால் வி8. இதில் 'டி' என்று இருந்தது. பிறக்கும்போது 120 குதிரைத்திறன் ஆறு சிலிண்டர் வண்டி. எப்போதோ யாரோ அதில் 200 குதிரைத்திறன் என்ஜினைத் தூக்கி வைத்துவிட்டார்கள். அச்சும் பிரேக்கும் மட்டும் பழையதே. ஆறு சிலிண்டர் வண்டியின் முன் பிரேக் டிரம் 9 அங்குலம், வி8க்கு 10 அங்குலம். ஒரு அங்குலம்தானே என்று நினைக்கலாம். பந்திங் சாலையில் லாரிகளுக்கு நடுவே திடீரென்று நிறுத்த வேண்டி வந்தால் அந்த ஒரு அங்குலம் என்னவென்று தெரியும்.

இன்னொன்றும் இருந்தது. கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டில் காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. உள்ளே தகடு இல்லை, புட்டி. இந்த மாடல் கார்களில் மழைத்தண்ணீர் தேங்கித் துரு பிடிக்கிற இடம் அதுதான். கேரித் தீவுப் பக்கத்து உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம்.

மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கிரான்ல வி8னுதான இருக்கு? நான் வாங்கும்போதே அப்படித்தான். கேட்டா சொல்லு, கேக்காட்டி நீயா ஏன் சொல்ற?" என்றார்.

மாமா பொய் சொல்லச் சொல்லவில்லை என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் போனாலும் எண்கள் கிரானோடு ஒத்துப்போகும். சட்டமும் ஏறக்குறைய மாமா பக்கம்தான். நம் நாட்டு 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. அதற்கு உதாரணமாக வருவது ஒரு குதிரை! ஏலத்தில் ஒருவன் குதிரை விற்கிறான். அதற்கு உடம்பு சரியில்லை என்று அவனுக்குத் தெரியும், வாய் திறக்கவில்லை. அது மோசடி இல்லை. மஸ்டாங் என்றாலே காட்டுக்குதிரைதான். இதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த உதாரணத்தைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதே குதிரையை வாங்குவது, இப்போதுதான் வயதுக்கு வந்த அவன் சொந்த மகள். அப்போது அவன் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது சட்டம். குதிரை மாறவில்லை, நோய் மாறவில்லை. வாங்குகிற ஆள் மட்டும் மாறியிருக்கிறாள். அப்படியானால் மகளாக இல்லாதவன் விழுந்தால் பரவாயில்லையா? சட்டம் அங்கே கோடு போட்டதில் எனக்குக் குறை இல்லை. எல்லாரையும் எல்லாம் சொல்ல வைத்து எந்தச் சட்டமும் வியாபாரம் நடத்த முடியாது. ஆனால் தர்மம் என்று நாம் வாரா வாரம் கோவிலில் உட்கார்ந்து பேசுவது அந்தக் கோட்டிலேயே நின்றுவிடுமானால், நமக்கு வக்கீல் போதும், குரு எதற்கு?

மாமா விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்குத் திருக்குறள் அத்துப்படி. "குற்றமில்லாத நன்மை கிடைச்சா பொய்யும் வாய்மைதான்னு வள்ளுவரே சொல்லியிருக்காரு. பிள்ளை படிப்பு நன்மை இல்லையா?" என்றார். இதற்குப் பதில் தேட எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்தக் குறளில் 'நன்மை' என்ற சொல்லை நாம் பிடித்துக்கொள்கிறோம், 'குற்றமில்லாத' என்பதை விட்டுவிடுகிறோம். ஒருவனுடைய பிரேக்கில் இருந்து எடுத்து இன்னொருத்திக்கு ஃபீஸ் கட்டினால் அது குற்றமில்லாத நன்மையா?

துரோணரிடம் தர்மர் சொன்னதும் பொய் இல்லை. அசுவத்தாமன் இறந்தான் என்றார், யானை என்பதை மெல்லச் சொன்னார். அதுவரை நிலத்துக்கு நாலு விரல் மேலே ஓடிய அவர் தேர் அன்றைக்குத் தரையில் இறங்கியது. சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது, உண்மையைத்தானே சொன்னார், தண்டனை எதற்கு என்று அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது. கேட்பவர் என்ன புரிந்துகொள்வார் என்று தெரிந்தேதான் அவர் பேசினார். நான் 'வி8 மஸ்டாங்' என்று எழுதினால் படிக்கிறவர் என்ன நினைப்பார் என்பது எனக்கும் தெரியும்.

முதலில் ஒரு நடுவழி யோசித்தேன். பிரேக் உயிர் சம்பந்தப்பட்டது, அதை மட்டும் சொல்வோம். என்ஜின் மாறியது வெறும் கௌரவ விஷயம், விட்டுவிடுவோம். ஆனால் பிரேக் ஏன் சின்னது என்று சொல்லப் போனால் என்ஜின் கதை தானாக வந்துவிடும். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க அந்தக் கார் இடம் தரவில்லை.

கிள்ளானிலிருந்து ஒரு அண்ணன் பார்க்க வந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம், பக்கத்தில் மனைவி. பானெட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாமா என்னைப் பார்த்தார். நான் காந்தத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், சொல்லும்போது குரல் நடுங்கியது. அவர் நன்றி சொன்னார், யோசித்துச் சொல்வதாகவும் சொன்னார். இன்றோடு மூன்று வாரம்.

மாமா மகளின் முதல் தவணை ஃபீஸை அத்தையின் சங்கிலி கட்டியது. மாமா என்னோடு பேசுகிறார், முன்பு போல இல்லை. பகுதிநேர வேலையில் எனக்குக் கிடைப்பதை அத்தையிடம் கொடுத்தேன். பாதியை வாங்கிக்கொண்டு மீதியை என் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்துவிட்டார். நேற்று விளம்பரத்தை மறுபடி எழுதினேன், நான்கு போல்ட் என்பது இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. மாமா வாங்கிப் படித்தார். "விலைய எவ்ளோ கொறைக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.